நாலு வயதுக் குழந்தைக்குப் பர்மியக் கதைகள்: எதில் ஆரம்பிக்கலாம்?

ராத்திரிக்கதை: என் பெண்ணுக்கு நாலு வயது. காக்கா வடை, சிங்கம் முயல் எல்லாம் தீர்ந்துபோய் இப்போது ஒவ்வொரு நாடாகப் போய்க்கொண்டிருக்கிறோம், அடுத்தது பர்மா. தேடினால் நாட் ஆவிகள், ராஜாக்களைக் கொல்லும் நாகம் என்று பெரியவர்கள் சமாசாரமே வருகிறது. புத்தகம் இல்லாமல் வாயாலேயே சொல்லக்கூடிய கதை ஏதாவது?

மழைக்காலம்: யோசிக்கவே வேண்டாம், தங்கக் காகம். ஏழை விதவையின் மகள் வெயிலில் காயும் நெல்லுக்குக் காவல் இருக்கிறாள், பொன் இறகுக் காகம் ஒன்று வந்து அத்தனையையும் தின்றுவிடுகிறது, அவள் அழ, சாயங்காலம் ஊருக்கு வெளியே இருக்கும் புளியமரத்துக்கு வா, ஈடு தருகிறேன் என்கிறது. மரத்தின் மேல் சின்னத் தங்க வீடு. தங்க ஏணியா, வெள்ளியா, பித்தளையா? நான் ஏழை, பித்தளை போதும் என்கிறாள், இறங்குவதோ தங்க ஏணி. சாப்பாட்டுத் தட்டுக்கும் இதே கேள்வி, இதே பதில். கடைசியில் மூன்று பெட்டி. சின்னதை எடுத்துப் போய்த் திறந்தால் மாணிக்கக் கற்கள் (மோகோக் சுரங்கம் இருக்கிற நாடு, வேறென்ன இருக்கும்!). பக்கத்து வீட்டுப் பேராசைக்காரப் பெண் பெரிய பெட்டியை எடுக்கிறாள், உள்ளே பாம்பு. இரண்டாவது கேள்வி வரும்போதே குழந்தை பதிலை முந்திக்கொண்டு சொல்லும், அதற்காகவே இந்தக் கதை.

வாலில்லாமுயல்: எனக்குப் பிடித்தது முயலுக்கு ஜலதோஷம் பிடித்த கதை. சிங்கராஜாவுக்குக் கரடி, குரங்கு, முயல் என்று மூன்று மந்திரிகள். மூவரையும் தின்ன ஒரு சாக்கு வேண்டும். வாயைத் திறந்து, என் மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்கிறது. நாறுகிறது என்ற கரடி ராஜத்துரோகி, மணக்கிறது என்ற குரங்கு பொய்யன், இரண்டும் காலி. முயல் மூக்கைச் சுருக்கிச் சுருக்கி, மன்னிக்கணும் ராஜா, ஜலதோஷம், வாசனையே தெரியவில்லை, சரியானதும் வந்து சொல்கிறேன் என்று வீட்டுக்குப் போனது போனதுதான். கரடியையும் குரங்கையும் காப்பாற்றி மாற்றிச் சொல்லாதீர்கள், அவை சாகாவிட்டால் முயலின் சாமர்த்தியத்துக்கு மதிப்பே இல்லை. முயலும் புலியும் கூரைப்புல் அறுக்கப் போகிற கதையை மட்டும் தள்ளிப்போடுங்கள், அதில் புலியின் முதுகில் தீ வைப்பார்கள்.

ஏட்டுச்சுரைக்காய்: இந்த இரண்டுமே ரங்கூன் பல்கலைக்கழக ரெக்டராக இருந்த மவுங் டின் அவுங் 1948-ல் ஆங்கிலத்தில் கொண்டுவந்த தொகுப்பில் இருக்கின்றன. அதிலேயே சந்திர கிரகணக் கதையையும் பாருங்கள். பாட்டி பேரனுக்கு விட்டுப்போன உலக்கைக்குச் செத்தவர்களை எழுப்பும் சக்தி, நிலா அதைத் திருடிவிடுகிறது, அவன் வளர்க்கும் நாய் துரத்திப் போய் நிலாவையே விழுங்கப் பார்க்கிறது, பெரிதாக இருப்பதால் துப்பிவிடுகிறது. கிரகணம் முடிந்தது! ஆனால் கொஞ்சம் நீளம், பாதியில் தூங்கிவிடுவாள்.

ராத்திரிக்கதை: தூங்கினால் நல்லதுதானே 😄 இன்று காகம். பெட்டிப் பாம்புதான் இடிக்கிறது, ராத்திரி நேரம், பயப்படுவாள்.

மழைக்காலம்: கடிப்பதெல்லாம் இல்லை, கோபமாகச் சீறிவிட்டு வெளியே போய்விடும். ஒரு உஸ்ஸ்ஸ் போட்டு முடித்துவிடுங்கள்.