ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் நடுவுல

நேத்து ஒரு தம்பி கேட்டிருந்தார், குடிய விட நினைக்கிறவங்க ஒண்ணா உக்காந்து பேசுற ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்துக்கும் போகாம, மறுவாழ்வு இல்லத்துலயும் சேராம குடிய விட்டவங்க யாராவது இருக்கீங்களான்னு. நான் இருக்கேன் தம்பி. ஊரு சேரன்மகாதேவி. குட்டியானை லோடு வண்டி ஓட்டுதேன், களக்காட்டுல இருந்து வாழைத்தார் லோடு.

2021 ஆகஸ்ட்ல விட்டேன். அதுக்கு முன்னாடியும் பல தடவ விட்டிருக்கேன். ஐயப்பனுக்கு மூணு வருஷம் மாலை போட்டேன், 41 நாளும் கடைப்பக்கம் திரும்பல. மாலைய கழட்டுன அன்னைக்கு ராத்திரியே குவார்ட்டர். 2020 ஊரடங்குல மார்ச் 24 சாயங்காலம் டாஸ்மாக்க அடைச்சு மே 7-ல திறந்தாங்க. திறந்த அன்னைக்கு வெயில்ல வரிசையில நின்னவங்கள்ல நானும் ஒருத்தன்.

அந்த ஊரடங்குல மூணாம் நாள் நடந்தத முதல்ல சொல்லணும். கை நடுங்கி டம்ளரப் பிடிக்க முடியல. சுவர்ல எறும்பு ஊருதுன்னு ராத்திரி பூரா துடைச்சிருக்கேன், விடியக்காலம் வலிப்பு வந்துட்டு. தினமும் நிறையக் குடிச்ச உடம்பு, சட்டுன்னு நிறுத்துனா ரெண்டு மூணு நாள்ல இப்படி ஆகும், உயிரே போகலாம்னு டாக்டர் சொன்னார். அதனால 2021-ல டாக்டரப் பாத்துட்டுத்தான் நிறுத்துனேன். நடுக்கத்துக்குச் சில நாள் மாத்திரை, பி1 வைட்டமின் ஊசி. தம்பி, நீங்க எந்த வழியில போனாலும் இத மட்டும் தாண்டிப் போகாதீங்க.

கூட்டத்துக்கும் ரெண்டு தடவ போயிருக்கேன். 1935-ல அமெரிக்காவுல குடியில விழுந்து எந்திரிச்ச ரெண்டு பேரு ஆரம்பிச்சது. அங்க வாரவங்க மேல எனக்கு இன்னைக்கும் மரியாதை உண்டு. ஆனா பத்து பேரு முன்னால எனக்கு வாய் வரல. ‘இன்னைக்கு ஒரு நாள்’னு சொல்லுவாங்க. எனக்கு ஒரு நாளே மலையா இருந்துச்சு.

டிரிப் கணக்கு எழுதுற நோட்டுல, எப்பெல்லாம் குடிக்கத் தோணுதுன்னு குறிச்சேன். கடை பகல்லயே திறந்திருந்தாலும், வண்டி ஓடும்போது நினைப்பே வரல. சாயங்காலம் ஆறுல இருந்து எட்டு வரைக்கும்தான். லோடு இறக்கியாச்சு, வயிறு காலி, கையில கூலி. அந்த ரெண்டு மணி நேரத்துக்கு மட்டும் வேலை பாத்தேன். அஞ்சு மணிக்கு உளுந்தங்களி, நல்லெண்ண ஊத்தி வயிறு நிறைய. கூலி நேரா வீட்டுக்காரி நம்பருக்கு ஜிபே. ஆறு மணிக்குத் தாமிரபரணி, கழுத்தளவு தண்ணி. அங்க நிக்கும்போது எனக்குத் தாகம் அடங்கிரும். ஏன்னு விளக்கத் தெரியல, அந்த ஆத்துக்கு நான் கடன்பட்டவன்.

2023 டிசம்பர் வெள்ளத்துல படித்துறையே முங்கிப் போச்சு. நாலாம் நாள் கை பரபரன்னு வந்துட்டு. வாசல்ல நடந்துக்கிட்டே இருந்தேன். வீட்டுக்காரி வாளியத் தூக்கித் தந்து, “கிணத்துல இறைச்சு ஊத்துங்க, நான் நிக்கேன்”னா. எண்ணாம ஊத்துனேன். அவ கடைசி வரைக்கும் நின்னா.

•

அண்ணாச்சி, நான் கல்லிடைக்குறிச்சி. எங்க வீட்டுக்காரருக்குக் கூட்டம்தான் கைகொடுத்துச்சு, தனியா விட்டா அவிய தாங்க மாட்டாவ. ஆனா அந்த நோட்டு விஷயத்த இன்னைக்கே சொல்லப் போறேன். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். சுடலை கோவில் கொடைத் திருவிழாவுக்கு என்ன செய்வீங்க? போன வருஷம் சொந்தக்காரங்களே “ஒரு கட்டிங் மட்டும், சாமி கோவிச்சுக்காது”ன்னு வீட்டுக்காரர் கையில திணிச்சுட்டாவ. அவிய வாங்கி மண்ணுல ஊத்திட்டு அழுதுட்டாவ.

•

தங்கச்சி, அவர் ஊத்துனது பெரிய காரியம். நான் மூணு வருஷம் மதியக் கொடை பாத்துட்டு, பொழுது சாயும் முன்னாடி வண்டிய எடுத்துருவேன். மச்சான்மார் பேசாமக்கூட இருந்தாங்க. போன கொடைக்குத்தான் சாமக் கொடை வரைக்கும் நின்னேன், வில்லுப்பாட்டுக்குப் பக்கத்துல, மகன மடியில போட்டுக்கிட்டு.