சீன மாணவர்களுக்கு ஆங்கிலப் பேச்சுத் தேர்வு: யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. செங்டுவில் ஒரு கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். அடுத்த வாரம் 42 பேருக்கு அடிப்படைப் பேச்சு, வாசிப்புத் தேர்வு வைக்க வேண்டும். வாசிப்பில் கவலையில்லை, பத்தியைக் கொடுத்தால் விடை எழுதிவிடுவார்கள். பேச்சுதான் சிக்கல். இவர்கள் குறிவைக்கும் சிஇடி-4 என்ற, சீனக் கல்லூரி மாணவர்களுக்கான தேசிய ஆங்கிலத் தேர்வின் 710 மதிப்பெண்ணில் பேச்சு சேராது, அது தனித் தேர்வு. அதனால் வாய் திறக்கவே கூச்சம்.

நேற்று ஒரு பெண் தன் அம்மாவைப் பற்றி அழகாகச் சொன்னாள், ஆனால் வரிக்கு வரி 'ஹீ' என்றாள். சீனப் பேச்சில் அவன், அவள் இரண்டுக்கும் 'தா' என்ற ஒரே ஒலிதான். இதற்கு மதிப்பெண் குறைக்க எனக்கு மனசு வரவில்லை. நீங்கள் குறைப்பீர்களா? அப்புறம், ஜோடியாகப் பேசவிட்டால் கூச்சம் குறையுமா? இப்படித் தேர்வு நடத்தியவர்கள் மதிப்பெண் பிரித்த விதத்தைச் சொன்னால் பெரிய உதவி.