அப்பா உடம்பு கிடைக்கல, பெரிய வெள்ளி அன்னைக்குத்தான் அம்மா அழுதாங்க (அனுபவப் பகிர்வு)

கடலோர மகள்:

சிலுவை உங்க வாழ்க்கையில என்ன செஞ்சுதுன்னு எல்லாரும் எழுதுறீங்க, நானும் ரெண்டு நாளா டைப் பண்றதும் அழிக்கிறதுமா இருக்கேன். இன்னைக்கு எழுதிடணும்னு உட்கார்ந்துட்டேன். நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

எங்க ஊரு கன்னியாகுமரி மாவட்டம். நீரோடியில இருந்து இரயுமன்துறை வரைக்கும் வரிசையா எட்டு கடற்கரை ஊர் இருக்குல்ல, அதுல ஒண்ணு. எங்க ஆளுங்களுக்கு ஆழ்கடல் தொழில், காலையில போய் சாயங்காலம் வர்றது இல்ல, ஐஸும் டீசலும் அரிசியும் ஏத்திட்டு போனா திரும்பி வர பத்து நாளும் ஆகும் ஒரு மாசமும் ஆகும், சுறா சூரைன்னு தேடி லட்சத்தீவு பக்கம் எல்லாம் போவாங்க. அப்பா 2017 நவம்பர்ல அப்படித்தான் போனாங்க. 29ஆம் தேதி ராத்திரி காத்து ஆரம்பிச்சுது, 30ஆம் தேதி ஒக்கி புயல். எங்க வீட்டு ஓடு பறந்துச்சு, தென்னை சாஞ்சுது, மாவட்டம் முழுக்க வாழையும் ரப்பரும் படுத்துக் கிடந்துச்சு, ஆனா அது எதையும் நாங்க திரும்பிக் கூட பார்க்கல. போட் எல்லாம் கடல்ல இருக்கு, அவங்களுக்கு சேதி போய்ச் சேர்ந்துதா இல்லையான்னு தெரியல, அது ஒண்ணுதான் நெஞ்சுல நின்னுச்சு.

அதுக்கப்புறம் கோயில் முற்றம்தான் எங்க வீடு. ராத்திரி பகலா அங்கதான். பங்குச் சாமி மைக்ல பேர் வாசிப்பாங்க, இந்த போட் லட்சத்தீவுல கரையேறியிருக்கு, இந்த போட் மகாராஷ்டிராவுல இருக்குன்னு, ஒவ்வொரு பேருக்கும் கூட்டத்துல ஒரு மூலையில இருந்து ஒரு சத்தம் எழும்பும். எங்க மூலையில இருந்து சத்தம் வரவே இல்ல. டிசம்பர் 7 குழித்துறை ரயில்வே ஸ்டேஷன்ல எல்லா ஊர் ஜனமும் போய் ரயிலை மறிச்சு உட்கார்ந்தாங்களே, அன்னைக்கு நானும் தண்டவாளத்துல உட்கார்ந்திருந்தேன், அம்மா வரல. போனா அந்த நேரத்துல அப்பா வந்துட்டா வீடு பூட்டிக் கிடக்குமேன்னு சொன்னாங்க. கேரளாவுல கரை ஒதுங்குன உடம்புகளை வச்சிருக்காங்கன்னு தம்பி போய் டிஎன்ஏ டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்துட்டு வந்தான். ஒண்ணும் பொருந்தல. அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு எங்க தெருவுல ஒரு வீட்டுலயும் ஸ்டார் தொங்கல.

சாதாரணமா கடல்ல காணாம போனா இறந்துட்டாங்கன்னு சர்டிபிகேட் வாங்க ஏழு வருஷம் காத்திருக்கணும்னு சட்டம், ஒக்கிக்கு மட்டும் அதைத் தளர்த்தி சீக்கிரமே இறப்பு சர்டிபிகேட் கொடுத்தாங்க. உதவித்தொகை வாங்கணும்னா அது வேணும், தம்பிக்கு படிப்பு இருக்கு, வேற வழி இல்ல. அம்மா அந்த பேப்பரை வாங்கி பீரோவுல அப்பா கைலிக்கு அடியில வச்சாங்க. அழல. உங்களுக்கு புரியுதான்னு தெரியல, எங்க அம்மா ஒரு சொட்டு கூட அழல. தினமும் ராத்திரி அப்பா தட்டையும் சேர்த்து கழுவி கவிழ்ப்பாங்க. வெளிய ஏதாவது வண்டி சத்தம் கேட்டா எந்திரிச்சு வாசல் லைட்டைப் போடுவாங்க. உடம்பைப் பார்த்தா மனசு ஒத்துக்கும், பேப்பரைப் பார்த்து எப்படி ஒத்துக்கும்?

ஆறுதல் சொல்ல வர்றவங்க எல்லாம் "ஆண்டவர் சித்தம்" "நல்லவங்களை கடவுள் சீக்கிரம் கூப்பிட்டுக்குவார்"னு சொல்லுவாங்க. அவங்க மனசு நல்ல மனசுதான், ஆனா எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வரும். அப்படி கூப்பிடுற கடவுள் எனக்கு வேண்டாம்னு நான் ஞாயிறு பூசைக்கு போறதை நிறுத்திட்டேன். அம்மா கூட போவேன், உள்ள போக மாட்டேன், வெளிய கொடிமரத்துகிட்ட உட்கார்ந்திருப்பேன்.

அடுத்த வருஷம் பெரிய வெள்ளி, இயேசு சிலுவையில இறந்ததை நினைக்கிற நாள், மார்ச் 30. ஒக்கி முடிஞ்சு சரியா நாலு மாசம். அன்னைக்கு பூசை கிடையாது, மணி அடிக்க மாட்டாங்க, பீடத்துல துணி கூட இருக்காது. பாடுகளோட வரலாறு வாசிப்பாங்க, அப்புறம் சாமி சிலுவையைத் தூக்கி "திருச்சிலுவை மரம் இதோ"ன்னு பாடுவாங்க, எல்லாரும் முழங்கால்ல நிப்போம். எங்க ஊர்ல இன்னொரு வழக்கமும் உண்டு. பெரிய சிலுவையில இருக்குற ஆண்டவர் சுரூபத்தோட ஆணியைக் கழட்டி, வெள்ளைத் துணியில தாங்கி மெதுவா இறக்கி, எங்க வீடுகள்ல இறந்தவங்களைக் கிடத்துற மாதிரியே கிடத்துவாங்க, ஜனம் வரிசையா போய் பாதத்தை முத்தி பண்ணும். சின்ன வயசுல இருந்து பார்க்குறதுதான். அன்னைக்கு கூட்டத்துல அம்மா விழுந்துடுவாங்களோன்னு பயந்துதான் நான் உள்ளயே போனேன்.

அம்மா முறை வந்துச்சு. குனிஞ்சாங்க, முத்தம் கொடுக்கல. முந்தானையை எடுத்து அந்தப் பாதத்தைத் துடைக்க ஆரம்பிச்சாங்க. விரல் இடுக்குல ஒண்ணொண்ணா, அப்புறம் குதிங்கால். அப்பா கடல்ல இருந்து வந்து திண்ணையில உட்கார்ந்தா கால்ல இருக்குற மண்ணை இப்படித்தான் துடைச்சு விடுவாங்க. துடைச்சுக்கிட்டே சின்னக் குரல்ல "வந்துட்டியளா"ன்னு கேட்டாங்க. அவ்வளவுதான். அப்புறம் வந்த அழுகை நாலு மாசத்து அழுகை. பின்னாடி பெரிய வரிசை நிக்குது, யாரும் "தள்ளு, போ"ன்னு சொல்லல. சாமி கையைக் காட்டி எல்லாரையும் நிறுத்திட்டாங்க, பாட்டுக்காரங்க பாடுன பாட்டையே திரும்பத் திரும்ப பாடுனாங்க. எங்க தெருவுல அதே மாதிரி உடம்பு கிடைக்காத இன்னும் மூணு பொம்பளைங்க வந்து அம்மா பக்கத்துல உட்கார்ந்துட்டாங்க.

நான் பக்கத்துல நின்னு சுரூபத்தோட கையைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். ஆணி கழட்டுன ஓட்டை, சுத்தி பெயிண்ட் உதிர்ந்து மரம் தெரியுது. அப்பா உள்ளங்கையில தூண்டில் கயிறு அறுத்த தழும்பு குறுக்கால இருக்கும், என் தலையைத் தடவுனா சொரசொரன்னு முடியில மாட்டும். எத்தனை வருஷமா சிலுவையைப் பார்க்குறேன், இது ஒரு தொழிலாளியோட கை, இந்த உடம்பையும் ஒரு அம்மா கீழ நின்னு பார்த்துக்கிட்டு இருந்திருக்கான்னு அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சுது. மேல எங்கயோ உட்கார்ந்து புயலை அனுப்புற கடவுள்மேலதான் நான் கோவமா இருந்தேன். இங்க கிடக்குறவர் வேற மாதிரி இருந்தாரு, எங்க அப்பா கிடந்த இடத்துலயே கிடந்தாரு.

அன்னைக்கு ராத்திரி அம்மா தூங்குனாங்க. மறுநாள் அப்பா கைலியை எல்லாம் எடுத்து வெயில்ல போட்டு தம்பிகிட்ட "நீ உடுத்துக்கோ"ன்னு கொடுத்தாங்க. எனக்கு அவ்வளவு சீக்கிரம் ஆகல. செப்டம்பர் 14 திருச்சிலுவைத் திருவிழாவுக்கு ஊர்ல இருந்து வேன் பிடிச்சு தூத்துக்குடி மாவட்டத்துல இருக்குற மணப்பாடு போனோம். அங்க கடலை ஒட்டின மணல் குன்றுமேல சிலுவைக் கோயில் இருக்குல்ல, 1540ல புயல்ல மாட்டுன போர்ச்சுகீசிய கப்பலோட கேப்டன், உயிர் தப்பினா முறிஞ்ச பாய்மரத்துல சிலுவை செஞ்சு நடுறேன்னு நேர்ந்துகிட்டதா சொல்லுவாங்க, அதுதான் அந்தக் கோயிலோட ஆரம்பம். அந்தக் கதையைக் கேட்டதும் எனக்கு மறுபடியும் பத்திக்கிச்சு. அந்தக் கப்பல் தப்பிச்சுதுல்ல, எங்க போட்டை ஏன் விட்டீருன்னு அங்கயே கடலைப் பார்த்து கத்திட்டேன். கூட வந்தவங்க பதறிட்டாங்க. அம்மா மட்டும் என் முதுகைத் தடவி "கேளு மக்களே, அவரும் கேட்டவருதான்"னு சொன்னாங்க. அம்மா அஞ்சாங்கிளாஸ் கூட தாண்டல. "என் இறைவா, ஏன் என்னைக் கைவிட்டீர்"னு சிலுவையில இயேசு கேட்ட அந்த ஏலி ஏலி லெமா சபக்தானியை வருஷா வருஷம் கேட்டு கேட்டு அது அவங்க எலும்புல ஏறியிருக்கு.

அதுக்கப்புறம் நான் கோயிலுக்குள்ள போறேன். இன்னும் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்.

நெல்லைத் தகப்பன்:

சிஸ்டர், இதைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் போனைக் கையில வச்சுக்கிட்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். நீங்க கடைசியா சொன்ன அந்த வார்த்தைதான் என்னையும் காப்பாத்துச்சு, அதனால எழுதுறேன்.

நாங்க சிஎஸ்ஐ, தென்னிந்திய திருச்சபை. என் மனைவிக்கு கேன்சர்னு தெரிஞ்சப்போ பிள்ளைங்க ரெண்டும் ஸ்கூல். ட்ரீட்மெண்ட் ஒரு பக்கம், ஜெபம் ஒரு பக்கம், உபவாசம், எண்ணெய் பூசுறது, கூட்டம் கூட்டமா அலைஞ்சோம். ஒரு இடத்துல தலையில கை வச்சு "சுகமாயிட்டே, இனி மாத்திரையைத் தொட்டா அது அவிசுவாசம்"னு சொன்னாங்க. நல்லவேளை அவ கேட்கல, மாத்திரையை விடல. ஆனா அவ இறந்த பிறகு அதே ஆளுங்க என்கிட்ட வந்து "உங்க வீட்டுல விசுவாசம் குறைவா இருந்திருக்கு பிரதர்"னு சொன்னாங்க. அடக்கம் பண்ணி ஒரு வாரம் கூட ஆகல. பெரிய பையன் உள்ள இருந்து கேட்டுக்கிட்டே இருந்தான். அதுல இருந்து அவன் மனசுல அம்மா செத்தது என்னாலதான்னு பதிஞ்சிருச்சு, ஒரு நாள் நான் ஒழுங்கா முழங்கால் போடலப்பான்னு என்கிட்ட சொன்னப்போதான் எனக்கே தெரிஞ்சுது.

எங்க சபையில பெரிய வெள்ளிக்கு பன்னெண்டு மணியில இருந்து மூணு மணி வரைக்கும் மும்மணி தியானம், சிலுவையில சொன்ன ஏழு வார்த்தையும் ஒவ்வொண்ணா தியானிப்போம். அந்த வருஷம் நாலாவது வார்த்தைக்கு வந்த ஐயர் (எங்க சபையில போதகரை அப்படித்தான் சொல்லுவோம்) வயசானவர், ரிட்டயர்டு. "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" இதை வாசிச்சுட்டு அவர் ரொம்ப நேரம் பேசல. அப்புறம் சொன்னாரு, இது 22ஆம் சங்கீதத்தோட முதல் வரி, ஒரு யூதப் பிள்ளைக்கு மனப்பாடமா தெரிஞ்ச ஜெபம், வலியில சொந்த வார்த்தை வராம தன் ஜனம் காலங்காலமா அழுத வார்த்தையை எடுத்து இயேசு அழுறாருன்னு. அப்புறம் கேட்டாரு, "இயேசுவுக்கு விசுவாசம் குறைவா இருந்துதா?" என் பையன் சட்டுனு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். அவன் கண்ணு இப்பவும் எனக்கு ஞாபகம் இருக்கு.

வீட்டுக்கு வந்து கஞ்சி குடிக்கும்போது "அப்ப அம்மா என்னால சாகலயாப்பா"ன்னு கேட்டான். இல்லடான்னு சொன்னேன். அதுக்கு முன்னாடியும் நூறு தடவை சொல்லியிருக்கேன், அன்னைக்குத்தான் அவன் நம்பினான். நான் சுகமளிக்கும் ஜெபத்தை வேண்டாம்னு சொல்லல, இன்னைக்கும் வியாதிக்காரங்களுக்கு ஜெபம் பண்றேன். ஆனா செத்துப் போனவங்க வீட்டுல போய் விசுவாசத்தை அளந்து பார்க்காதீங்க, தயவு செஞ்சு. அந்த அளவுகோலை சிலுவைகிட்ட கொண்டுபோனா இயேசுவே தேற மாட்டார்.

மெழுகுவர்த்தி:

அக்கா உங்க அம்மாவுக்காக இன்னைக்கு ஜெபமாலை சொல்றேன். அண்ணா உங்க பையனுக்கும். வேற எதுவும் எழுத வரல.

வாவிக்கரை:

நான் இலங்கையில மட்டக்களப்பு. 2019 ஏப்ரல் 21 உயிர்ப்பு ஞாயிறு (ஈஸ்டர்) அண்டைக்கு சீயோன் தேவாலயத்தில குண்டு வெடிச்சது எல்லாருக்கும் தெரியும். ஞாயிறு பள்ளிக்கூடம் முடிஞ்சு முற்றத்தில நிண்ட பிள்ளையள் தான் கனபேர். நான் அந்தச் சபை இல்ல, ஆனா என்ர கூட்டாளி ஒருத்தன்ர மகள் அதில போயிட்டா. அவனோட என்ன கதைக்கிறது எண்டு எனக்குத் தெரியேல்ல. பின்னேரத்தில போவன், ரெண்டு பேரும் வாவிக்கரையில இருப்பம், கதைக்க மாட்டம், இருட்டினாப் பிறகு வந்திருவன்.

அடுத்த வருஷத்துக்குப் பிறகு ஒருக்கா நீர்கொழும்புக்குப் போன நேரம் கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயிலுக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனன். அங்கயும் அதே நாள் குண்டு வெடிச்சது. அங்க ஒரு உயிர்த்த இயேசு சுரூபம், வெடிச்ச நேரம் ஆக்களின்ர ரத்தம் தெறிச்சுப் புள்ளி புள்ளியாப் பட்டிருக்கு. அதைக் கழுவாம, பெயிண்ட் அடிக்காம அப்படியே கண்ணாடிக்குள்ள வச்சிருக்கினம். அவன் கண்ணாடியில நெத்திய வச்சுக்கொண்டு கனநேரம் நிண்டான். வெளியில வந்து சொன்ன ஒரே கதை, "கழுவேல்ல, பாத்தியா". திரும்பி வாற வழியில பஸ்ஸில முதல் தரமா மகளைப் பற்றிக் கதைச்சான். அவ என்ன சாப்பிடுவா, எந்தச் சட்டை பிடிக்கும், படிக்கச் சொன்னா என்ன சாட்டுச் சொல்லுவா எண்டு மட்டக்களப்பு வரும் வரைக்கும் கதைச்சான்.

உயிர்த்த பிறகும் இயேசுவின்ர கையில ஆணிக்காயம் இருந்தது, தோமாவைக் கூப்பிட்டு தொட்டுப் பார் எண்டு காட்டினவர். காயம் மாறினாத்தான் சுகம் எண்டு நான் நினைச்சிருந்தன். இப்ப அப்படி நினைக்கேல்ல. தங்கச்சி, உங்கட அம்மா துடைச்ச அந்தக் காலை நான் நேர்ல பாத்த மாதிரியே இருக்கு.

புதுசா வந்தவன்:

நான் கிறிஸ்டியன் இல்ல, என் ஃபிரெண்ட் லிங்க் அனுப்பினான், படிச்சேன். ஒண்ணு கேக்கலாமா அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அம்மா இப்ப எப்படி இருக்காங்க?

கடலோர மகள்:

எல்லாருக்கும் நன்றி. நெல்லை அண்ணா, உங்க பையன் கேட்டதை அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டினேன், அந்தப் பிள்ளையை ஒரு தடவை எங்க ஊருக்கு கூட்டிட்டு வரச் சொல்றாங்க, மீன் குழம்பு வச்சுக் கொடுப்பாங்களாம். வாவிக்கரை அண்ணா, உங்க கூட்டாளிக்கு எங்க வீட்டுல தினமும் ஜெபிக்கிறோம்.

தம்பி, இதுல தப்பா எடுக்க என்ன இருக்கு. அம்மா நல்லா இருக்காங்க. அப்பா தட்டு இப்ப தனியா அலமாரியில இருக்கு. காத்து பலமா அடிச்சா இன்னும் எந்திரிச்சு உட்கார்ந்துடுவாங்க, அது போகல, போகும்னும் எனக்குத் தோணல. ஆனா இப்ப தனியா உட்காருறது இல்ல, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி அந்த மூணு பேரையும் எழுப்பிடுவாங்க, நாலு பேருமா கட்டன்சாயா போட்டுக்கிட்டு விடியுற வரைக்கும் ஜெபமாலை சொல்லிக்கிட்டு இருப்பாங்க. யார் வீட்டுப் பிள்ளையாவது கடல்ல இருந்தா அவன் பேரைச் சொல்லி ஒரு மணி கூடுதலா உருட்டுவாங்க.

2019ல இருந்து பெரிய வெள்ளிக்கு ஆண்டவரை இறக்குற வெள்ளைத் துணி எங்க வீட்டுல இருந்துதான் போகுது, நாலு பேரும் காசு போட்டு வாங்குவாங்க. 2020ல லாக்டவுன், கோயில் பூட்டிக் கிடந்துச்சு, துணி வாங்கி வச்சாச்சு, என்ன பண்றதுன்னு தெரியல. அம்மா வீட்டுச் சுவர்ல இருந்த சின்னச் சிலுவையை எடுத்து மடியில வச்சுக்கிட்டாங்க, முந்தானையால பாதத்தைத் துடைச்சாங்க, அப்புறம் அவ்வளவு பெரிய துணியில அந்த ஒரு சாண் சிலுவையை சுத்திப் படுக்க வச்சாங்க. ஞாயித்துக்கிழமை விடியக்காலம் நாலு மணிக்கு என்னை எழுப்பி "வா, பிரிச்சுப் பார்ப்போம்"னு கூப்பிட்டாங்க.