ஒரே தொட்டி, பருவத்துக்கு ஒரு கோலம்: மொட்டை மாடி அனுபவங்கள்

பூந்தொட்டி வைப்பவர்கள் எல்லோருக்கும் ஒரு தை மாதம் வந்திருக்கும். நர்சரியில் பெட்டூனியாவும் டயாந்தஸும் பூத்துக் குலுங்கும், பார்த்ததும் கை நிற்காது, எட்டுப் பத்து தொட்டி வாங்கி வந்துவிடுவோம், மாசி வரைக்கும் வீடே மாறிப்போன மாதிரி இருக்கும், பங்குனி பாதியில் ஒவ்வொன்றாகக் கருகும். நான் நான்கு வருடம் இப்படித்தான் வாங்கினேன். தண்ணீர் போதவில்லை, உரம் போதவில்லை என்று என்னையே குறை சொல்லிக்கொண்டு இருந்தேன். ஓசூர், பெங்களூர் குளிரில் வளர்ந்த செடியைச் சென்னைப் பங்குனி வெயிலில் காப்பாற்ற முடியாது என்பது பிறகுதான் புரிந்தது. நமக்கு இருப்பது வேறு பருவங்கள். வெயில், ஆடி, அடைமழை, பனி என்று நான்காக நான் பிரித்துக்கொண்டேன். தொட்டியை அதற்குத்தான் திட்டமிட வேண்டும்.

இப்போது என் மாடியில் பெரிய சிமெண்ட் தொட்டி ஐந்து இருக்கிறது, ஒவ்வொன்றும் வாய் 18 அங்குலம். நடுவில் கொஞ்சம் பின்பக்கமாக ஒரு குட்டை நந்தியாவட்டை. அதை எந்தப் பருவத்திலும் பிடுங்குவதில்லை. அதைச் சுற்றி மூன்று இடத்தில் 6 அங்குல பிளாஸ்டிக் தொட்டியைக் காலியாக, விளிம்பு வரை மண்ணில் புதைத்து வைத்திருக்கிறேன். வீட்டில் அதற்குக் ‘கூடு’ என்று பேர். பருவத்துச் செடியை 5 அங்குலத் தொட்டியில் தனியாக வளர்த்து, பூக்கும் நேரத்தில் கூட்டுக்குள் இறக்கிவிட்டால் போதும். பூ முடிந்ததும் எடுத்துவிட்டு அடுத்தது. நந்தியாவட்டையின் வேர் கலைவதில்லை, மண்ணைக் கொட்டி மறுபடி நிரப்பும் வேலையும் இல்லை. ஒன்று மட்டும் மறக்கக் கூடாது. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கூட்டையும் உள்தொட்டியையும் பிடித்து அரைச் சுற்று திருப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் நந்தியாவட்டை வேர் அடித் துளை வழியாக உள்ளே ஏறி, இழுத்தால் வராது. முதல் வருடம் ஒரு கூட்டைக் கத்தி போட்டு அறுத்துத்தான் எடுத்தேன்.

மண் கலவை எல்லோரும் கேட்பதால் சொல்லிவிடுகிறேன்: செம்மண் இரண்டு பங்கு, தேங்காய் நார்க்கழிவு இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, தொட்டிக்கு இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. அடியில் ஜல்லி போடாதீர்கள். வடிகாலுக்கு நல்லது என்று நானும் போட்டுக்கொண்டிருந்தேன், ஆனால் நுண்ணிய மண் முழுக்க ஊறி நிறைந்த பிறகுதான் தண்ணீர் ஜல்லிக்குள் இறங்கும், அதனால் ஈரம் தேங்கும் மட்டம் வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடுகிறது. துளை மேல் ஓர் ஓட்டுச் சில்லு போதும். தொட்டிக்கு அடியில் மூன்று செங்கல் வையுங்கள்.

வெயிலுக்கு என் கூடுகளில் பத்துமணிப் பூவும் நித்தியகல்யாணியும். அக்னி நட்சத்திரத்தில், மே 4 முதல் 28 வரை, சிமெண்ட் தொட்டியின் மேற்குப் பக்கத்தில் மதியம் கை வைக்க முடியாது. பூவைவிட வேருக்குத்தான் அப்போது ஆபத்து. கோணியை நனைத்து அந்தப் பக்கம் சுற்றிவிடுகிறேன், காலையிலும் சாயங்காலமும் தண்ணீர். இந்தக் கொடுமையான வெயிலில்தான் மே மாதப் பந்துப்பூ வரும், அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இலை மஞ்சளாகிக் கிழங்கு தூங்கப் போய்விடும். அந்தத் தொட்டியை மாடிப்படிக்கு அடியில் தண்ணீர் படாமல் வைத்துவிடுவேன். ஐந்து மாதம் வெறும் மண். சித்திரையில் ஒரு நாள் மண் லேசாக வெடித்து, நடுவில் கட்டைவிரல் தடிமனுக்கு ஒன்று தலையை நீட்டும், இலைக்கு முந்தி மொட்டு. அடித்தண்டில் செம்புள்ளி தெளித்திருக்கும். அன்றைக்கே கூட்டில் இறக்கிவிட வேண்டும், ஏனென்றால் அப்புறம் நாலைந்து நாளில் நெட்டுக்குத்தாக எழுந்து, உறை பிரிந்து, ஊசி ஊசியாகச் சிவந்த பந்து. அது நந்தியாவட்டையின் வெள்ளைக்குக் கீழே நிற்கும்போது பக்கத்து மாடியில் துணி காயப்போட வருகிறவர்கள்கூட நின்று பார்ப்பார்கள். பூ ஒரு வாரம், பத்து நாள்தான். அந்த ஒரு வாரத்துக்காக ஐந்து மாதம் வெறும் மண்ணைப் பத்திரப்படுத்துவது எனக்குப் பாரமாகத் தெரிந்ததே இல்லை.

ஆடியில் காசித்தும்பை விதை தூவுவேன், தூவினால் போதும், வந்துவிடும். அதே மாதம் செங்காந்தள் கிழங்கு. இதில் ஒரு தப்பு செய்தேன். முதல் முறை கிழங்கைக் கூட்டில் வைக்காமல் பெரிய தொட்டி மண்ணிலேயே நட்டேன். அந்த வருடம் அருமையாகப் பூத்தது, பச்சை மொட்டு மஞ்சளாகி, ஆரஞ்சாகி, சிவப்பாகி முடியும் வரை ஒரே கொடியில் எல்லா நிறமும் தெரிந்தது. தையில் கொடி காய்ந்த பிறகு கிழங்கு மண்ணுக்குள் ஓய்வெடுக்கட்டும் என்று விட்டுவிட்டு, பக்கத்திலிருந்த பூக்களுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றினேன். ஆடியில் தோண்டினால் கவட்டை வடிவக் கிழங்கு இருந்த இடத்தில் கறுத்த கூழ். தூங்கும் கிழங்குக்கு ஈரம் எமன். இப்போது அதுவும் தனித் தொட்டி, அதுவும் மாடிப்படிக்கு அடியில். செங்காந்தள் கிழங்கு விஷம், குழந்தைகள் இருக்கும் வீட்டில் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

அடைமழைக் காலத்தில் பூவுக்கு ஆசைப்படுவதை நிறுத்திவிட்டேன். ஐப்பசி, கார்த்திகையில் கோலியஸும் வண்ணச் சேம்பும்தான், இலையே நிறம். மழை விட்டு மூன்றாம் நான்காம் நாள் மழை லில்லி தானாகப் பூக்கும். தொட்டிக்கு அடியில் தட்டு இருந்தால் புரட்டாசியிலேயே எடுத்துவிடுங்கள், வேர் அழுகல், கொசு இரண்டும் அதில்தான். கைப்பிடிச் சுவர் மேல் எதையும் வைக்காதீர்கள். 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் என் சுவர் மேலிருந்த இரண்டு மண் தொட்டிகள் பக்கத்து காலி மனையில் போய் விழுந்தன. அங்கே ஆள் இல்லை. அன்றைக்கு இறக்கியதுதான், மறுபடி சுவரில் ஏற்றவில்லை.

பனிக்கு டிசம்பர் பூ, சாமந்தி, ஆசைக்கு இரண்டே இரண்டு பெட்டூனியா. சாமந்தியில் போன வருடம் பார்த்ததை அவசியம் சொல்ல வேண்டும். ஒரே செடியிலிருந்து ஒரே நாளில் ஆறு தொட்டியில் துண்டு நட்டேன். நான்கில் மொட்டு. தெருப்பக்கம் இருந்த இரண்டில் இலை மட்டும் கொழுகொழுவென்று, மார்கழி பாதி ஆகியும் மொட்டு இல்லை. ராத்திரி மாடிக்குப் போனபோதுதான் காரணம் தெரிந்தது: தெருவில் புதிதாகப் போட்ட எல்.இ.டி. விளக்கின் வெளிச்சம் நேராக அந்த இரண்டின் மேல். சாமந்திக்கு நீண்ட இருட்டு வேண்டும், ராத்திரி வெளிச்சம் பட்டால் இன்னும் நாள் நீளமாக இருக்கிறது என்று செடி வளர்ந்துகொண்டே போகும். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருட்டில் நகர்த்தினேன். ஒரு மாதத்துக்குள் மொட்டு, மாசியில் பூ.

இன்னொன்று, வெயில் இடம் மாறும். ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் சென்னைக்கு நேர் உச்சிக்கு வந்து, அதன் பிறகு ஆகஸ்ட் மூன்றாவது வாரம் வரை நண்பகலில் வடக்கே சாய்ந்திருக்கும். மார்கழியில் நன்றாகத் தெற்கே இறங்கிவிடும், 3 அடிக் கைப்பிடிச் சுவருக்கு உச்சிப் பொழுதிலேயே 2 அடிக்கு மேல் நிழல் விழும். வடக்குப் பார்த்த பால்கனிக்காரர்கள் இதைக் கவனியுங்கள், உங்களுக்கு வெயில் கோடையில்தான் வரும். அங்கே மார்கழிச் சாமந்தி சரிப்படாது, கோடைக்குப் பத்துமணிப் பூ வையுங்கள், மற்ற மாதங்களுக்கு இலைச் செடி.

உங்கள் ஊரில் எப்படி? எழுதுங்கள்.

கோயம்புத்தூரிலிருந்து:

அக்கா, உங்களுக்கு வெயில்னா எங்களுக்குக் காற்றுங்க. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று மூன்றாவது மாடியில் நிற்கவிடாது. முதல் வருடம் வானம் மூடியிருக்கிறதே, சாரல் அடிக்கிறதே என்று தண்ணீர் குறைத்தேன். மேல் மண் ஈரமாகத்தான் இருந்தது, விரலை விட்டால் இரண்டு அங்குலத்துக்குக் கீழே பொடி. காற்று இலை வழியாக எல்லாவற்றையும் உறிஞ்சிவிட்டிருந்தது. குரோ பேக்கில் (செடி வளர்க்கும் பையில்) வைத்த செம்பருத்தி மூன்று தடவை சாய்ந்து, மூன்றாவது தடவை வேரோடு வந்துவிட்டது. பச்சை வலை கட்டியிருந்தேன், அது பாய் மரம் மாதிரி காற்றைப் பிடித்துக்கொண்டு கம்பியையே வளைத்தது.

இப்போது வைகாசி முடிவில் வலையை அவிழ்த்துவிடுகிறேன். மேற்குப் பக்கம் வரிசையாக வெட்டிவேர்த் தொட்டி. தகரம், பலகை வைத்து முழுசாக அடைத்தால் காற்று மேலே ஏறிச் சுழன்று உள்ளே குதிக்கும், வெட்டிவேர் மாதிரி பாதி விட்டுப் பாதி தடுப்பதுதான் நல்லது. ஆடி முடியும் வரை உயரமான செடி கிடையாது. அகலமான, ஆழம் குறைந்த தொட்டியில் பொன்னாங்கண்ணியும் பத்துமணிப் பூவும்தான், தரையோடு ஒட்டி இருக்கும். புரட்டாசி பிறந்தால் காற்று அடங்கிவிடும், அதன் பிறகு சாமந்தி, செண்டுமல்லி எல்லாம் இங்கே மாசி வரைக்கும் அட்டகாசமாக நிற்கும். உங்கள் கூடு யோசனையை இந்தப் புரட்டாசியிலேயே செய்து பார்க்கிறேன்.

கனடா, ஸ்கார்பரோவிலிருந்து:

வணக்கம் அக்கா. எங்கட பால்கனியில் பருவம் மாறினால் பூ மட்டுமில்லை, சாடியே மாற வேண்டியிருக்கும். வந்த முதல் குளிருக்கு மண் சாடி இரண்டை வெளியில் விட்டுவிட்டேன். உள்ளே இருந்த ஈரம் உறைந்து பருத்து, மாசியில் பார்த்தால் இரண்டும் பாளம் பாளமாகப் பிளந்து கிடந்தது. இப்ப தடித்த பிளாஸ்டிக் சாடிகள்தான்.

ஒக்டோபரில் டியூலிப் கிழங்கு வைப்பேன், 6 முதல் 8 அங்குல ஆழத்தில். அதுக்கு மேல் மண் போட்டு, குரோக்கஸ் கிழங்கை மேலாக ஒரு அடுக்கு. ஒன்று முடிய மற்றது எழும்பும். டியூலிப்புக்கு 12 முதல் 16 கிழமை (வாரம்) குளிர் தேவை, அது இங்கே தாராளம். ஆனால் சாடி மண் தரை மண்ணைவிட மோசமாக உறையும், அதனால் சுவரோடு சேர்த்து வைத்துச் சாக்கால் சுற்றிவிட வேண்டும். அணில் விடாது, கம்பி வலையை மண்ணுக்கு மேல் விரித்துக் கல் வைக்கிறேன். மே மாத விக்டோரியா தின விடுமுறை கழிந்த பிறகுதான் பச்சை மிளகாயும் செவ்வந்தியும் வெளியில் வரும், அதுக்கு முந்தி அவசரப்பட்டால் ஒரு இரவு உறைபனி எல்லாவற்றையும் கறுப்பாக்கிவிடும். செப்டெம்பரில் அலங்காரக் கோவா (முட்டைக்கோஸ்), அது பனி பட்டால் நிறம் இன்னும் கூடும். மார்கழியில் செடியே இல்லை, மண் உறைந்து இறுகும் முன்பே தேவதாருக் கிளைகளையும் சிவப்புத் தண்டுக் குச்சிகளையும் குத்திவிடுவேன், வெண்பனி அதில் படிந்து நிற்கிறது அவ்வளவு வடிவு.

கறிவேப்பிலைச் சாடி மட்டும் இரவு 10 பாகைக்குக் கீழே போகும் முன்பே உள்ளே வந்துவிடும். தை, மாசியில் இலையெல்லாம் கொட்டி வெறும் குச்சியாக நிற்கும், செத்துப்போச்சு என்று யாரும் எறியாதேங்கோ. நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கோ, உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கு. தண்ணீரைக் குறைத்து யன்னலோரம் வைத்தால் பங்குனியில் துளிர்க்கும். என்னுடையது ஒன்பது குளிர் கண்டது.

மறுபடி சென்னையிலிருந்து:

கறிவேப்பிலையை நகத்தால் கீறிப் பார்க்கும் வழி இங்கேயும் உதவும், மல்லிகைக்கு நான் அதைத்தான் செய்கிறேன். கார்த்திகைக் கடைசியில் தண்ணீரை நிறுத்தி, முழங்கால் உயரத்துக்கு வெட்டிக் கவாத்து செய்துவிட்டுப் பார்த்தால் செடி செத்த மாதிரியே இருக்கும். பங்குனியில் பூக்கத் தொடங்கினால் ஆனி வரை ஓயாது. குரோக்கஸுக்குக் கீழே டியூலிப் என்ற அடுக்கு எனக்குப் புதுசு. மழை லில்லியை மேலாகவும் பந்துப்பூவை ஆழமாகவும் ஒரே தொட்டியில் வைக்கலாமா என்று யோசித்தேன், ஆனால் ஒன்றுக்கு ஐப்பசி மழை வேண்டும், மற்றதற்கு ஆகாது. அதனால் இங்கே கூடுதான்.

கோவைத் தம்பி, வெட்டிவேரை எத்தனை அங்குலத் தொட்டியில் வைத்திருக்கிறீர்கள், வருடத்துக்கு ஒரு தடவை வேரைப் பிரித்து நடுகிறீர்களா? என் மாடியில் தென்மேற்கு மூலை காலியாக இருக்கிறது. இப்போது ஆவணி. காசித்தும்பை ரோஸும் வெள்ளையுமாக இரண்டு கூட்டில், மூன்றாவதில் செங்காந்தள். நேற்று காலையில் பார்த்தேன், அதன் இலை நுனி சுருண்டு நந்தியாவட்டையின் கிளை ஒன்றை முதல் முறையாகப் பிடித்திருக்கிறது. கொம்பு ஊன்றலாம் என்று எடுத்து வந்த மூங்கில் குச்சியைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.