கலைச்சொல் தேவை: சிறு கோடு விழுந்த தேர்வுப்பெட்டி

நண்பர்களே,

ஜாவாஸ்கிரிப்ட் பாடம் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன், நாளை இரவு கொடுத்தாக வேண்டும். ‘செக்பாக்ஸ்’ தேர்வுப்பெட்டி ஆகிவிட்டது. சிக்கல் ‘இன்டிடர்மினேட்’டில். மேலே ‘அனைத்தும்’ என்றொரு பெட்டி, கீழே ஐந்து. மூன்றில் மட்டும் டிக் அடித்தால் மேல்பெட்டியில் சிறு கோடு விழுமே, அந்த நிலை. ‘உறுதியற்ற நிலை’ என்று போட்டேன். படித்துப் பார்த்த மாணவி, “பெட்டி கெட்டுப்போச்சா?” என்று கேட்டாள்.

மறுமொழி:

தேர்வுப்பெட்டியே பொருந்தாது. ‘தேறற்க யாரையும் தேராது’ என்னும் குறளில் (509) தேர்தல் என்றால் ஆராய்தல். இங்கே பயனர் குறியிடுகிறார், அவ்வளவே. ‘குறிப்பெட்டி’ என்க. கோடு விழுந்ததற்கு ‘ஆய்தநிலை’. ஆய்தம் உயிருமன்று, மெய்யுமன்று. தனிநிலை என்றே அதற்குப் பெயருண்டு. மாத்திரையும் அரைதான்.

மறுமொழி:

ஐயா, ஆய்தம் சார்பெழுத்தும்கூட. மேல்பெட்டி கீழ்ப்பெட்டிகளைச் சார்ந்தது, அந்த வகையில் உவமை அழகு. ஆனால் பாடம் படிக்கிறவருக்கு முதலில் எழுத்திலக்கணம் நடத்த வேண்டிவரும். ‘பகுதித் தேர்வு’ போதும், கேட்டதும் புரியும்.

மறுமொழி:

> கேட்டதும் புரியும்

தவறாகப் புரியும். நான் நிரல் எழுதுகிறவன். இந்தக் கோட்டை ஹெச்டிஎம்எல்லில் (பக்கத்தின் அமைப்பை எழுதும் மொழி) எழுதி வரவழைக்க முடியாது. நிரலில் ‘இன்டிடர்மினேட்’ என்னும் பண்பை ‘ட்ரூ’ (ஆம்) ஆக்கினால்தான் வரும். அதுவும் வெறும் தோற்றம். படிவத்தை அனுப்பும்போது ‘செக்டு’ மட்டுமே கணக்கு: டிக் இருந்தால் பெட்டியின் மதிப்பு போகும், இல்லாவிட்டால் ஒன்றுமே போகாது. பாதி என்றொரு மதிப்பு கிடையாது. அது தெரியாமல் வராத மூன்றாவது மதிப்பை வழங்கியில் (படிவம் போய்ச் சேரும் சர்வரில்) அரைநாள் தேடியிருக்கிறேன். கண்ணுக்குத் தெரிவதையே சொல்லுங்கள்: ‘கோட்டுநிலை’.

மறுமொழி:

நிரல் பாடத்தில் ‘கோடு’ என்றாலே எல்லோரும் ஆங்கிலக் ‘கோடு’, அதாவது புரோகிராமைத்தானே நினைப்பார்கள்? சங்கப் பாட்டில் அது யானைத் தந்தம், மலையுச்சி, ஆற்றங்கரை. இங்கே இன்னொரு பொருளைத் தாங்காது.

மறுமொழி:

சரி, நேரமாகிவிட்டது. ‘பகுதித் தேர்வு’ என்றே போடுகிறேன். கீழே ‘இது தோற்றம் மட்டுமே, அனுப்பும் மதிப்பு மாறாது’ என்று ஒரு வரியும் சேர்க்கிறேன்.

மறுமொழி:

வகுப்பில் ‘பகுதித் தேர்வு’ என்றால் பரீட்சை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். என் மறுப்பு இருக்கட்டும். அடுத்த பதிப்பிலாவது ‘பகுதிக்குறி’ என்று மாற்றுங்கள்.