சொட்டு டெஸ்ட்ல குளோரின் 6, மானிட்டர் குறைவுங்குது: எதை நம்புறது?

குமரன் (ஃபிரிஸ்கோ, டெக்சஸ்): வீட்டு நீச்சல் குளத்துல மிதக்கிற மானிட்டர் ஒண்ணு போட்டு நாலு மாசம் ஆச்சு. பிஎச், வெப்பம், ஓஆர்பி (தண்ணியோட கிருமி கொல்ற பலத்தைக் காட்டுற மின்னழுத்த அளவு) மூணையும் அளந்து போனுக்கு அனுப்பும். ஓஆர்பி 650 மில்லிவோல்ட்டுக்கு மேல இருக்கணுமாம்; ஒரு மாசமா 590லயே நிக்குது. தினமும் "குளோரின் குறைவு"ன்னு சேதி. நானும் மாத்திரை போட்டுக்கிட்டே இருக்கேன். நேத்து ஒரு நண்பர் வந்து சொட்டு டெஸ்ட் பண்ணினா குளோரின் 6 பிபிஎம் (பத்து லட்சத்துல ஆறு பங்கு)! கருவி கெட்டுப்போச்சா? சாயங்காலம் ஆனா பிள்ளைங்க தண்ணியிலதான் கிடக்குறாங்க, அதான் பயமா இருக்கு.

சேது (ஹூஸ்டன்): தம்பி, கருவியை ஓரமா வைங்க. ஓஆர்பி குளோரினை நேரா அளக்கிறதில்ல. சொட்டு டெஸ்ட் அளக்குது. 10 மில்லி தண்ணியில பொடியைப் போட்டா ரோஸ் நிறம் வரும். ஒவ்வொரு சொட்டா விட்டு ஆட்டி, நிறம் சட்டுன்னு மறையிற சொட்டோட நிறுத்தணும். ஒரு சொட்டு அரை பிபிஎம், பன்னிரண்டு சொட்டுன்னா 6. யூகத்துக்கே இடமில்ல.

வள்ளி (பீனிக்ஸ்): சேது அண்ணா, நான் கருவி பக்கம். அந்த 6ஐ நம்புறதுதான் ஆபத்து. குமரன் போடுறது டிரைகுளோர் மாத்திரைதானே? அதுல 10 பிபிஎம் குளோரின் வந்தா கூடவே 6 பிபிஎம் சயனூரிக் ஆசிட் (குளோரின் வெயில்ல வேகமா அழியாம காக்குற பொருள்) சேரும். குளோரின் வெயில்ல போயிடும். சயனூரிக் ஆவியாகாது, ஃபில்டர்லயும் நிக்காது. நாளைக்கு 2 பிபிஎம் செலவானாலே மாசத்துக்கு 36 ஏறிடும். அது ஏற ஏற குளோரினைப் பிடிச்சு வச்சுக்கும். கிருமியைக் கொல்லக் கொஞ்சம்தான் மிஞ்சும். சொட்டு டெஸ்ட் பிடிபட்டதையும் சேர்த்து எண்ணுது. மானிட்டர் கொல்ற பலத்தைப் பார்க்குது.

சேது: சரிம்மா, கருவி காரணத்தைச் சொல்லுச்சா? குறைவுன்னு சொல்லி மறுபடி மாத்திரை போட வச்சுது. போடப் போட சயனூரிக் ஏறுது, ஓஆர்பி ஏறல, திரும்ப அதே சேதி. பிள்ளைங்க குளிக்கிற தண்ணி இப்படித்தான் கெட்டது. அதோட மானிட்டரோட கண்ணாடி முனையில அழுக்குப் படிஞ்சா பிஎச்சும் தப்பாத்தான் காட்டும். பிஎச் 7, பிஎச் 4 கரைசல்ல முக்கி அடிக்கடி சரிபார்க்கணும். எத்தனை பேர் செய்யிறாங்க?

வள்ளி: காரணம் சொல்லலை, ஒத்துக்கிறேன். ஆனா நாங்க மூணு வாரம் மதுரையில இருந்தப்ப, ராத்திரி சாப்பாட்டு நேரத்துல பிஎச் 8.1ன்னு போன்ல வந்துச்சு. எங்களது உப்புல இருந்து குளோரின் தயாராகுற உப்புக் குளம், பிஎச் தானா ஏறும். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ஆசிட் ஊத்தச் சொன்னேன். சொட்டு டெஸ்ட்டுக்கு ஆள் வீட்டுல இருந்தாகணுமே.

குமரன்: இன்னைக்குக் காலைல சயனூரிக் பார்த்தேன். டெஸ்ட் குழாய்க்கு அடியில கருப்புப் புள்ளி. டெஸ்ட் மருந்து கலந்து கலங்கின தண்ணியை ஊத்த ஊத்த எந்தக் கோட்டுல புள்ளி மறையுதோ அதுதான் அளவு. 100 கோட்டைத் தொடுறதுக்கு முன்னாடியே மறைஞ்சுடுச்சு. சம அளவு குழாய்த் தண்ணி கலந்து மறுபடி பார்த்தா 60. அப்ப 120!

சேது: சயனூரிக்ல 7.5 சதவீதமாவது குளோரின் இருக்கணும். 120க்கு 9. உங்ககிட்ட 6. பிள்ளைங்களை இறக்காதீங்க. மாத்திரையை நிறுத்திட்டு திரவ குளோரின் ஊத்துங்க, அதுல சயனூரிக் கிடையாது. பாதிக்குக் கொஞ்சம் கூடவே தண்ணி மாத்தணும். ஒரேயடியா இறைச்சுடாதீங்க, மண் ஊறியிருந்தா காலிக் குளத்தைத் தண்ணி கீழேயிருந்து தூக்கிடும். ரெண்டு மூணு தவணையாப் பண்ணுங்க.

வள்ளி: மாத்தினப்புறம் ஓஆர்பி 650ஐத் தாண்டினா, கருவி மேல தப்பில்லைன்னு ஒத்துக்குவீங்களா அண்ணா?

சேது: தாண்டட்டும், ஒத்துக்கிறேன். ஆனாலும் வாரம் ஒரு சொட்டு டெஸ்ட், மாசம் ஒரு புள்ளி டெஸ்ட். அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

குமரன்: முதல் தவணை இறைச்சு, இப்பப் புதுத் தண்ணி விழுந்துக்கிட்டு இருக்கு. மாத்திரை மிதவையை எடுத்து வெளிய வச்சுட்டேன். ஓஆர்பி இன்னும் 590தான். சனிக்கிழமை ரெண்டு அளவையும் இங்க போடுறேன்.