முட்டி ஜவ்வு ஆபரேஷனுக்கு அப்புறம் மனசு தளராமல் இருக்க: கூட இருந்து பார்த்தவர்களின் அனுபவக் குறிப்புகள்

பிசியோதெரபிஸ்ட்:

முட்டிக்குள் எலும்புகளைப் பிணைத்து நிலையாக வைக்கும் ஏ.சி.எல். ஜவ்வு கிழிந்து, தொடையின் பின்பக்கத் தசைநாரை எடுத்துப் புதிதாகப் பொருத்திய கால்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கூடவே மெனிஸ்கஸும் (முட்டிக்குள் மெத்தைபோல இருக்கும் குருத்தெலும்பு) தைத்திருந்தால் மடக்குவதும் எடை ஊன்றுவதும் டாக்டர் சொன்ன அளவில்தான்.

“தைரியமா இரு” என்று சொல்வதால் தெம்பு வருவதில்லை. போன வாரத்தைவிட இந்த வாரம் என்ன மாறியது என்று கண்ணால் பார்த்தால் வரும். அதனால் ஒரு நோட்டும் தையல்காரர் டேப்பும் வாங்கி வையுங்கள். முட்டிச்சில்லின் நடுவே டேப்பைச் சுற்றி வீக்கத்தை அளந்து எழுதுங்கள். காலை நீட்டிப் படுத்து, முட்டிக்கும் கட்டிலுக்கும் நடுவே எத்தனை விரல் நுழைகிறது என்று நல்ல காலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மடக்கினால் குதிகாலுக்கும் பிட்டத்துக்கும் எத்தனை செ.மீ. இடைவெளி என்பதையும் குறியுங்கள். காலை வேளையில் அளக்கத் தொடங்கினால் தினமும் அதே வேளையிலேயே அளக்க வேண்டும். நடமாடிய பிறகு சாயங்காலம் வீக்கம் ஏறும். அதைக் காலைக் கணக்கோடு வைத்துப் பார்த்தால் வீண் பயம்தான் மிஞ்சும்.

அடிக்கடி நடக்கும் தப்பு, முட்டிக்கு அடியில் தலையணை வைப்பது. இதமாக இருக்கும், ஆனால் கால் மடங்கின வாக்கிலேயே இறுகிவிடும். முட்டி முழுசாக நீளாவிட்டால் நொண்டல் போகாது, தொடையும் தேறாது. தலையணை குதிகாலுக்கு அடியில் இருக்கட்டும், முட்டி தொங்கலாக இறங்கட்டும். ஒரு தடவைக்கு 10 நிமிடம், நாளைக்கு நாலைந்து தடவை. அதே நிலையில் முட்டியைக் கீழே அழுத்தித் தொடையை இறுக்கி 5 விநாடி பிடித்து விடுங்கள், 10 முறை.

முதல் வாரம் தொடை சொன்ன பேச்சைக் கேட்காது. பலர் அழுவது இந்த இடத்தில்தான். மூட்டுக்குள் நீர் கோத்திருக்கும்போது தொடைத் தசைக்குப் போகிற கட்டளையை நரம்பே அமுக்கிவிடுகிறது. இதில் உங்கள் மனவலிமையின் குறை எதுவும் இல்லை. வீக்கம் வடிய வடியத் தசை விழிக்கும். துணி சுற்றிய ஐஸ் 15 நிமிடம், காலை நெஞ்சுக்கு மேலாகத் தூக்கி வைத்துக்கொண்டு.

செவிலியர், வீட்டுப் பராமரிப்பு:

எழுதிக்கொடுத்த வலி மாத்திரையைப் பயிற்சிக்கு முக்கால் மணி நேரம் முன்னால் கொடுங்கள், டாக்டர் சொன்ன இடைவெளி மாறாமல். வலி உச்சிக்கு ஏறியபின் கொடுத்தால் அன்றைய பயிற்சி போச்சு.

குந்தி உட்காரும் கழிப்பறை பல மாதங்களுக்கு ஆகாது. கமோடு நாற்காலியை ஆபரேஷனுக்கு முன்பே வாங்கி வையுங்கள். அடுத்தவர் தூக்கிவிட்டால்தான் கழிப்பறைக்குப் போக முடியும் என்கிற நிலை மனசை ஒடிப்பதுபோல வேறெதுவும் ஒடிப்பதில்லை.

தையல் பிரித்த பிறகு, மூன்றாவது வாரம் கவனம். பார்க்க வந்தவர்கள் வரத்து குறைந்திருக்கும், கால் மட்டும் அப்படியே இருப்பதுபோலத் தோன்றும். “இனிமே பழையபடி வராதுப்பா”, “நாட்டுக்கட்டுப் போட்டு அசையாம வச்சிருந்தா போதுமே” என்று பேச வருபவர்களை வாசலிலேயே நிறுத்துவது வீட்டாரின் வேலை. இந்த முட்டி அசையாமல் கிடந்தால் இறுகிவிடும். தொடர்ந்து இரண்டு வாரம் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை.

கபடிப் பயிற்சியாளர்:

ஆபத்து வலி இருக்கும்போது இல்லை, வலி போன பிறகுதான். இரண்டாவது, மூன்றாவது மாதம் நடை சீராகும், பையன் களத்துக்கு வரத் துடிப்பான். ஆனால் பொருத்திய நாருக்குப் புது ரத்த ஓட்டம் அமைந்து அது ஜவ்வாக மாறுகிற காலம் அது. நார் பலமில்லாமல் இருக்கும். அப்போது ஒரு ரெய்டு போய்த் திரும்பினாலே போதும், மறுபடி கிழியும். 9 மாதத்துக்கு முன்னால் களம் வேண்டாம். மாதம் மட்டும் போதாது, ஒற்றைக்காலில் தாவும் தூரம் நல்ல காலின் 90 சதவீதமாவது வர வேண்டும்.

அதுவரை அவனை மைதானத்துக்கு வராதே என்று சொல்லிவிடாதீர்கள். ஸ்கோர் எழுதட்டும், எதிரணியின் கால் நகர்வைக் குறிக்கட்டும், தோள், வயிற்றுப் பயிற்சி செய்யட்டும். அணியிலிருந்து கழன்றுவிட்டோம் என்ற நினைப்பு வந்தவன்தான் பிசியோவுக்குப் போவதையும் நிறுத்துகிறான். கால் தேறியும் பயம் தேறாமல் இருக்கும். அதை அளக்க ஏ.சி.எல்.-ஆர்.எஸ்.ஐ. என்று 12 கேள்விகள் கொண்ட படிவம் இருக்கிறது, பிசியோவிடம் கேளுங்கள்.

பிசியோதெரபிஸ்ட்:

எந்த வலிக்குப் பயப்படலாம் என்றும் கேட்பார்கள். வலியே இல்லை என்றால் 0, தாங்கவே முடியாது என்றால் 10 என்று வைத்தால், 3 வரை இருந்து, மறுநாள் காலைக்குள் அடங்கினால் பயிற்சியைத் தொடரலாம். மறுநாளும் முட்டி வீங்கிச் சூடாக இருந்தால் அளவைப் பாதியாக்குங்கள், அடியோடு நிறுத்த வேண்டாம். காய்ச்சல், தையலில் சீழ், கெண்டைக்கால் வீங்கி வலித்தல், மூச்சுத்திணறல், இதில் ஒன்று வந்தாலும் அந்த நிமிடமே ஆஸ்பத்திரி.

செவிலியர், வீட்டுப் பராமரிப்பு:

ஊன்றுகோல் பற்றி ஒன்று விட்டுப்போச்சு. அக்குளுக்கும் கோலுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி, பாரம் உள்ளங்கையில். படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். இரண்டு கோலிலிருந்து ஒன்றுக்கு மாறும்போது அது எதிர்ப்பக்கக் கையில் இருக்க வேண்டும்: இடது கால் என்றால் வலது கையில்.